மேனேஜர் பெயருக்குப் போன பார்சல்

எங்கள் கடை மேசையின் வலது ஓரத்தில் ஒரு கோணி ஊசி குத்தி நிற்கிறது. மூட்டை தைக்கிற ஊசி. விரலைவிட நீளம், நுனி சற்று வளைந்தது, காதில் சிவப்பு நூல் ஒரு சாண் தொங்கும். பார்சல் போட வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டு, "கையில குத்திரப் போகுதுங்க, எடுத்து உள்ள வைங்க" என்று அக்கறையாகச் சொல்வார்கள். மீதிப் பேர் கை சும்மா இருக்காமல் பிடுங்கிப் பார்ப்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் என்னிடம் ஒரே பதில்தான்: "அது கடைச் சாமான் இல்ல, தொடாதீங்க." கொஞ்சம் எரிச்சலோடுதான் சொல்வேன். சிரித்துப் பேச எனக்கு வராது. குன்னூர் கடைவீதியில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

அந்த ஊசி டீமேக்கர் சம்சாரத்துடையது. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. செத்துப்போனவர்களைப் பற்றியும் ஊரைவிட்டுப் போனவர்களைப் பற்றியும் உருகி உருகி எழுதுவது வழக்கம். இவள் சாகவும் இல்லை, ஊரைவிட்டுப் போகவும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொலக்கம்பை பஸ்ஸில் வந்து இறங்கி என் முன்னால் நிற்கிறாள். அவளுக்கும் என்னைப் பிடிக்காது. அவளுடைய வெறுப்புக்குக் காரணம் இருக்கிறது. என்னுடையதற்கும் இருக்கிறது என்றுதான் நான் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கூரியர் கடைக்கு வருவதற்கு முன் ஒன்பது வருடம் நான் ஒரு தேயிலை எஸ்டேட்டில் தப்பால்காரன். எஸ்டேட் பாஷையில் தபாலுக்குத் தப்பால் என்று பெயர். காலையில் தோல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மைல் இறங்கி தபாலாபீசுக்குப் போவேன். எஸ்டேட்டுக்கு வந்த எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஏறி வருவேன். லயத்து வரிசை வீட்டில் இருக்கிற தொழிலாளிக்கு வந்த கடிதமானாலும், தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டக்டரின் மகளுக்கு வந்த பரீட்சை முடிவானாலும், முதலில் மேனேஜர் ஆபீசுக்குத்தான் போகும். அங்கே பதிந்து, பெயர்வாரியாக அடுக்கி, பிறகு காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டரில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். எஸ்டேட்டில் யாருக்கும் தனி விலாசம் கிடையாது. மேனேஜர் என்ற ஒரே விலாசம்தான். ஒன்பது வருடத்தில் ஒரு காகிதம்கூட என் பையிலிருந்து தவறியதில்லை. அந்தக் கர்வம் எனக்கு உண்டு. அந்தக் கர்வத்தை மூட்டை கட்டிக்கொண்டுதான் இந்த மேசைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தேன்.

அவள் கணவர் கொலக்கம்பைப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்தவர். பச்சை இலை உள்ளே வருவதிலிருந்து தூளாகி மூட்டையில் விழுகிற வரைக்கும் பொறுப்பாக நிற்கிற ஆள் டீமேக்கர். வாட்டப் போட்ட இலையை வலது கையால் ஒரு பிடி அள்ளி, உருண்டையாக இறுக்கி, விரலைத் திறப்பார். உருண்டை எவ்வளவு மெதுவாகக் குலைகிறது என்று பார்த்துவிட்டு, இன்னும் எத்தனை நேரம் காற்று விட வேண்டும் என்று சொல்வார். அளக்கிற கருவி இருந்தாலும் கையைத்தான் நம்புவார்கள். இங்கே ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்கூட ஓடாமல் போன சமயத்தில், புருண்டி என்கிற ஆப்பிரிக்க நாட்டில் ஒரு தேயிலைக் கம்பெனி நீலகிரி டீமேக்கர் வேண்டும் என்று கேட்டது. அவர் போனார். போகும்போது ஒரு விஷயத்தை மறைத்துவிட்டுப் போனார். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. தினமும் இரண்டு வேளை மாத்திரை போட்டால் ஒன்றும் இருக்காது. ஆனால் வலிப்புக்காரனை ஓடுகிற மெஷின் பக்கத்தில் எந்தக் கம்பெனியும் நிறுத்தாது. அதனால் கம்பெனிக்குத் தெரியாது. அவர் சாப்பிடுகிற மாத்திரை அந்த ஊரில் கிடைக்கவில்லை. கிடைத்த வேறொன்று அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இங்கிருந்து போயாக வேண்டும். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முதலில் தெரிந்தது அவள் தையல் மட்டும்தான்.

முதல் பார்சலை அவள் தைத்தே கொண்டுவந்தாள். அட்டைப் பெட்டியைச் சுற்றி வெள்ளைக் காடாத் துணி, நான்கு ஓரமும் சிவப்பு நூலில் நெருக்கமான தையல். இந்த மலையில் தூர ஊருக்குச் சாமான் அனுப்புகிறவர்கள் எல்லாம் அப்படித் தைத்துத்தான் அனுப்புவார்கள். ஆனால் வெளிநாட்டுப் பார்சலை நாங்கள் திறந்து பார்க்காமல் வாங்கக் கூடாது.

"பிரிங்கம்மா" என்றேன்.

"ஏனுங்கண்ணா, ஊட்டுல ரெண்டு மணி நேரம் ஒக்காந்து தெச்சனுங்க."

"உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம நான் கையெழுத்துப் போட முடியாது. பிரிங்க."

பிரித்தாள். ஸ்வெட்டர் இரண்டு, வத்தல் ஒரு பொட்டலம், மாத்திரை, மருந்துச் சீட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் அரைக் கிலோ தேயிலைத் தூள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டீ ஃபேக்டரியில இருக்கறவருக்கு டீத்தூளா?" என்று சத்தமாகவே கேட்டேன். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "அங்கத்தத் தூளு அவருக்குப் புடிக்கலீங்களாம்" என்றாள். செடியிலிருந்து வந்த எதுவும் போகாது என்று தூளையும் வத்தலையும் எடுத்து ஓரம் வைத்தேன். அவள் கைப்பையிலிருந்து கோணி ஊசியை எடுத்தாள். என் மேசை மேலேயே பெட்டியை வைத்து, ஒவ்வொரு தையலாக, வீட்டில் போட்ட அதே நெருக்கத்தில், முக்கால் மணி நேரம் தைத்தாள். பின்னால் வரிசை வாசலைத் தாண்டியது. நின்றவர்கள் என்னைத்தான் திட்டினார்கள். அவள் வேண்டுமென்றேதான் அப்படித் தைத்தாள் என்று இப்போதும் சத்தியம் பண்ணுவேன்.

அடுத்த தடவை தைக்காமல் கொண்டுவாருங்கள், இங்கேயே தைத்துக்கொள்ளலாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தைக்காமல் கொண்டுவந்தால் நல்லது என்று அவளுக்கும் தெரியாமல் இல்லை. இரண்டாவது தடவையும் தைத்துத்தான் கொண்டுவந்தாள். நானும் பிரிக்கத்தான் சொன்னேன். பிரித்ததும் வாசனை வந்தது. ஸ்வெட்டரின் கைக்குள் சுருட்டி வைத்திருந்த சின்னப் பாட்டிலில் நீலகிரித் தைலம். எரிகிற சாமான், விமானத்தில் ஏறாது. அதைச் சாதாரணமாகச் சொல்லியிருக்கலாம். நான் பாட்டிலை மேசைமேல் டொக்கென்று வைத்து, "பிளேன கொளுத்தறதுக்கா?" என்றேன்.

அவள் ஊருக்குப் போய், கோயம்புத்தூர் ஹெட் ஆபீசுக்குப் போன் பண்ணிவிட்டாள். மறுநாள் அங்கிருந்து அழைப்பு வந்தது. கடையில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. கஸ்டமரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று என் மகன் வயதுள்ள ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். அந்த அம்மாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்கள் என்றார். கேட்டேன். அவள் போனில், "பரவால்லீங்கண்ணா" என்றாள். அந்தப் பரவாயில்லைதான் என்னை அறுத்தது. நான் அதை மறக்கவில்லை. மறக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது பார்சல் ஐப்பசி மழையில் வந்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து பஸ்கள் நின்றிருந்தன. எங்கள் வேன் மட்டும் கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. அப்போது குன்னூரில் புருண்டிக்குப் பார்சல் எடுத்தது நாங்கள் மட்டும்தான். என்னை விட்டால் அவள் கோயம்புத்தூருக்குத்தான் போக வேண்டும், அதற்கு அன்றைக்கு வழியில்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, அன்றைக்குக் கொஞ்சம் இறங்கி வந்தாள். பெட்டியைத் தைக்காமல் திறந்தபடியே கொண்டுவந்திருந்தாள். துணியும் ஊசியும் தனியாகப் பையில் இருந்தன. அதைப் பார்த்தாவது நான் இறங்கியிருக்க வேண்டும்.

உள்ளே ஒரு ஸ்வெட்டரும் மூன்று மாத மாத்திரையும் இருந்தன. மருந்துச் சீட்டை வாங்கி வாசித்தேன். முந்தைய இரண்டு தடவையும் மாத்திரை பெயரை மட்டும் பார்த்து எழுதியிருந்தேன். இந்தத் தடவை டாக்டர் நோயையும் எழுதியிருந்தார்.

"வலிப்பு மாத்திரையா? யாருக்கு, டீமேக்கருக்கா?" என்றேன். மெதுவாகக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். கொலக்கம்பைக்காரர் ஒருவர் வரிசையில் நின்றிருந்தார். அவர் திரும்பிப் பார்த்தார். அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். கம்பெனிக்குத் தெரியாது; தெரிந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். முன்பு இரண்டு பார்சலும் அந்த நாட்டுத் தலைநகரத்தில் கடை வைத்திருந்த ஒரு வியாபாரியின் பெயருக்குப் போயின. அவருக்குத் தபால் பெட்டி எண்ணோடு விலாசம் இருந்தது. இப்போது அவர் கடையை மூடிவிட்டு நாட்டைவிட்டே போய்விட்டார். இனிமேல் ஃபேக்டரி லாரி டிரைவரின் பெயருக்கு அனுப்ப வேண்டும். டிரைவர் வாரம் ஒருமுறை தேயிலை மூட்டை ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு இறங்குவார். பார்சல் வந்தால் அவருக்குப் போன் வரும். அவர் போய் வாங்கிக்கொண்டு வருவார். ஃபேக்டரியில் வேலை செய்கிற எல்லோருக்கும் இப்படித்தான் வருகிறதாம். ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். அதில் டிரைவரின் பெயர், போன் நம்பர், ஊரின் பெயர். அவ்வளவுதான்.

"இது விலாசமா?" என்றேன். "தெரு எங்க? பின்கோடு எங்க?"

"அந்த நாட்டுல பின்கோடே இல்லீங்களாமுங்கண்ணா."

பின்கோடு கட்டம் காலியாக இருந்தால் எங்கள் கம்ப்யூட்டரில் அடுத்த பக்கம் திறக்காது. திரையைத் திருப்பி அவளுக்குக் காட்டினேன். மருந்துச் சீட்டு ஒருவர் பெயரில், பார்சல் இன்னொருவர் பெயரில் என்றால் கஸ்டம்ஸில் நிற்கும் என்றும் சொன்னேன். மேனேஜர் பெயரும் இன்னொருவர் பெயர்தானே என்று நான் அப்போது யோசிக்கவில்லை. கம்பெனியின் விலாசம் முதல் பார்சலின்போது அவள் கொடுத்திருந்த அவர் வேலைக் காகிதத்தின் நகலில் இருந்தது: பின்கோடு கட்டத்தில் அடித்துக்கொள்ளத் தபால் பெட்டி எண், ஊர், எல்லாம் ஒழுங்காக. "எஸ்டேட்டுக்குப் போற பார்சல் மேனேஜர் பேருக்குத்தான் போகணும். ஒன்பது வருசம் நான் தப்பால் சுமந்தவன், எனக்குத் தெரியும்" என்றேன்.

"மேனேஜர் பேரு வேண்டாமுங்க. டிரைவர் பேருக்கே போடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகுது."

"மேனேஜர் பிரிச்சுப் பார்ப்பாருன்னு பயப்படறீங்களா? எந்த மேனேஜரும் அடுத்தவன் பார்சலப் பிரிக்க மாட்டான். நீங்க தெச்ச தையல் தெச்சபடியே இருக்கும், பாருங்க."

நான்கு மணிக்கு வேன். மணி மூன்றரை. அவரிடம் ஐந்து வாரத்துக்குத்தான் மாத்திரை மிச்சம். பார்சல் போய்ச் சேர நான்கு வாரம் ஆகும். அவள் மழையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, "சரிங்க" என்றாள். பெறுபவர் கட்டத்தில் மேனேஜர் என்று அடித்தேன். துணிமேல் ஊட்டுக்காரர் பெயரையும் சின்னதாக எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். இரண்டு பெயர் இருந்தால் குழப்பம் என்று அதையும் தடுத்துவிட்டு, தி மேனேஜர் என்று நானே துணிமேல் எழுதினேன். அவள் தைத்து முடிப்பதற்குள் வேன்காரர் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். அவசரத்தில் நூலைப் பல்லால் கடித்துவிட்டு ஊசியை மேசை ஓரத்தில் குத்தினாள். பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு போய் வேனில் வைத்தாள். ஊசியை மறந்துவிட்டுப் போனாள்.

இருபத்தெட்டாவது நாள் திரையில் டெலிவர்டு என்று வந்தது. நானாகவே அவளுக்குப் போன் பண்ணினேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. "சேர்ந்திருச்சு, பார்த்தீங்களா?" என்றேன்.

மூன்று நாள் கழித்து அவள் கூப்பிட்டாள். பார்சல் அவர் கைக்கு வரவில்லை. மேனேஜர் லீவில் ஊருக்குப் போயிருக்கிறார், வர ஒரு மாதம் ஆகும். ஆபீஸ் கிளார்க் பார்சலை மேனேஜர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். மேனேஜர் பெயருக்கு வந்ததை மேனேஜர்தான் எடுக்க வேண்டும் என்கிறார். அனுப்பிய இடத்திலிருந்து, இது இன்னாருக்கு உரியது என்று ஒரு கடிதம் வந்தால் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்கிறாராம்.

"ஒரே ஒரு லெட்டருங்கண்ணா. போன்ல அனுப்பினாலும் போதுமுங்களாம்."

"டெலிவரி ஆன பார்சலுக்கு லெட்டர் கிடையாதும்மா. அதுக்கு மேல எங்க பொறுப்பு இல்ல."

இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள். கடைசித் தடவை நான் போனை எடுக்கவில்லை. கடிதம் எழுத எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவளைப் பற்றிப் பேச்சே இல்லை. ஊசி மட்டும் மேசை ஓரத்தில் நின்றது. வந்து கேட்டால் கொடுக்கலாம் என்று விட்டுவைத்திருந்தேன். மாசி மாத வெயில் நாளில், கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தாள். கூடவே ஒரு மனிதர். ஒல்லியாக, உயரமாக, சட்டையின் வலது கையை மணிக்கட்டுக்குக் கீழே மடித்து ஊக்குக் குத்தியிருந்தார். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள். வெள்ளைக் காடாத் துணி கொஞ்சம் பழுப்பாகியிருந்தது. சிவப்புத் தையலில் ஓர் இழை பிரியவில்லை. மேலே என் கையெழுத்தில், கொட்டை எழுத்தில், தி மேனேஜர் என்று இருந்தது.

"பிரிங்க" என்றாள். "நீங்கதான் பிரிச்சுப் பாக்காம எதையும் வாங்க மாட்டீங்களே."

நான் கத்தியை எடுத்துத் தையலை அறுத்தேன். ஸ்வெட்டர் இருந்தது. மாத்திரை அட்டைகள் எல்லாம் இருந்தன. ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை.

அவள் சொன்னாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. மாத்திரை தீர ஆரம்பித்ததும் அவர் ஒன்றைப் பாதியாக்கிப் போட்டிருக்கிறார். பிறகு கால். ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மேனேஜர் மேசைக்குப் பின்னால் அலமாரிமேல் பெட்டி தெரியும். அவள் தையலை அவருக்குத் தெரியாதா? தினமும் ஷிப்ட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்துவிட்டுப் போவாராம். அது என்னுடையது, உள்ளே மாத்திரை இருக்கிறது, இப்போதே வேண்டும் என்று கேட்டால் எதற்கு மாத்திரை என்று கேள்வி வரும். நகரத்துக்குப் போய் வேறு ஏதாவது வாங்கலாம் என்றால் டீசல் தட்டுப்பாட்டில் லாரி மூன்று வாரம் இறங்கவில்லை. மாத்திரை தீர்ந்த ஒன்பதாம் நாள், இலை அரைக்கிற மெஷின் பக்கத்தில் நிற்கும்போது வலிப்பு வந்துவிட்டது. கை உள்ளே போய்விட்டது. மெஷினை நிறுத்தியவரும், தன் வீட்டுக்குப் போய்வர என்று சேர்த்து வைத்திருந்த டீசலை ஊற்றி ஐந்து மணி நேரம் லாரி ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அந்த டிரைவர்தான். எந்தப் பெயரை இது விலாசமா என்று நான் கேட்டேனோ, அதே பெயர்க்காரர்.

"மேனேஜர் நல்லவருங்க" என்றாள். "லீவுல இருந்து வந்ததும் பார்சல எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கே வந்து குடுத்தாருங்களாம். பிரிக்கவே இல்ல. இவரு ஒரு கையால அவுத்துப் பாத்தாராம், முடியலையாம். ஆஸ்பத்திரியில வேற மருந்து குடுத்துட்டிருந்தாங்களாம், அதனால அப்படியே ஊட்டுக்குக் கொண்டாந்துட்டாரு. நான் பிரிக்க வேண்டாம்னுட்டனுங்க."

நான் சொன்னது அப்படியே நடந்திருந்தது. எந்த மேனேஜரும் அடுத்தவன் பார்சலைப் பிரிக்க மாட்டான். தையல் தைத்தபடியே இருந்தது.

"எஸ்டேட்டுல எல்லாம் மேனேஜர் பேருக்குத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"அது உங்க எஸ்டேட்டுங்க" என்றாள். மாத்திரையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அவருக்கு இன்னும் அது வேண்டுமே. வெறும் பெட்டியையும் துணியையும் என் மேசைமேலேயே விட்டுவிட்டுப் போனாள். வாசலில் நின்றவர் என்னைப் பார்த்து இடது கையை உயர்த்தி, "வர்றனுங்க" என்றார். அவருக்கு என்மேல் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோபப்படுகிறவர்களைத் திருப்பிக் கோபித்துக்கொண்டு பிழைத்துவிடலாம்.

வெகு நாள் நான் ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ரூல்படிதான் நடந்தேன், பின்கோடு இல்லாமல் கம்ப்யூட்டர் திறக்காது, நான் என்ன செய்ய முடியும் என்று. வீட்டில் அப்படித்தான் சொன்னேன், கடைவீதியில் கேட்டவர்களிடமும் அப்படித்தான் சொன்னேன். இங்கே உண்மையை எழுதிவிடுகிறேன். அந்த மாதிரி நாடுகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஹெட் ஆபீசிலிருந்து ஒரு சர்க்குலர் அதற்கு மூன்று மாதம் முன்பே வந்திருந்தது. பின்கோடு கட்டத்தில் சைபர்களைப் போடு, வாங்குகிறவரின் போன் நம்பர் சரியாக இருந்தால் போதும், தெருப் பெயர் தேவையில்லை. அது என் மேசை டிராயரில் இருந்தது. நான் அதைப் படித்திருந்தேன். அன்றைக்கு அவள் துண்டுக் காகிதத்தை நீட்டியபோது எனக்கு அது ஞாபகம் வந்தது. மேனேஜர் பெயர்தான் பத்திரம் என்று நம்பியது உண்மை, பொய் இல்லை. ஆனால் ஸ்பீக்கரில் என்னை மன்னிப்புக் கேட்க வைத்தவள் கெஞ்சிக்கொண்டு நிற்கிறாள் என்பதும் எனக்குப் பிடித்திருந்தது. டிராயரைத் திறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் எஸ்டேட்டிலும் மேனேஜர் லீவில் போவார். அவர் பெயருக்கு வந்த தப்பாலை நானே கட்டுக் கட்டி அலமாரியில் வைப்பேன். ஒன்றரை மாதம்கூட அது அங்கே தூசி பிடித்துக் கிடக்கும். யாரும் தொட மாட்டார்கள். அப்படிக் கிடந்தவற்றுக்குள் யாருடைய அவசரம் இருந்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஒரு காகிதம்கூடத் தவறியதில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டதோடு சரி.

அந்த வருடம் வைகாசியில் மறுபடி வந்தாள். அதற்குள் குன்னூரிலேயே இன்னும் இரண்டு கடைகள் அந்த நாட்டுக்குப் பார்சல் எடுக்க ஆரம்பித்திருந்தன. பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் அவைதான் முதலில் வரும். அவற்றைத் தாண்டி நடந்து என் கடைக்கு வந்தாள். பெட்டி திறந்திருந்தது. குழந்தைகளுக்கான ஸ்வெட்டர் மூன்று, பெரியவருக்கான குல்லாய் ஒன்று, ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ. டிரைவரின் வீட்டுக்கு. நான் பார்த்தேன், எழுதினேன். மேசை ஓரத்திலிருந்த ஊசியைப் பிடுங்கி, நூல் கோத்து, நிதானமாகத் தைத்தாள். தைத்து முடித்ததும் துணிப்பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்து, மை பேனாவை என் முன்னால் நகர்த்தினாள்.

"எழுதுங்க" என்றாள். விலாசச் சீட்டு மெஷினிலேயே அச்சாகிவிடும், துணியில் எழுத வேண்டியதில்லை. அதை நான் சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். டிரைவரின் பெயர். போன் நம்பர். ஊரின் பெயர். எழுதி முடித்தேன்.

"பின்கோடு கேக்கலீங்களா?" என்றாள்.

கட்டத்தில் ஐந்து சைபர் அடித்தேன். அடுத்த பக்கம் திறந்தது. அதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு நாஞ்சொன்னதும் இதேதானுங்க" என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னிடம் விலாசத்தைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. அண்ணா என்றும் கூப்பிட்டதில்லை. அந்தப் பார்சல் பத்தொன்பது நாளில் டிரைவரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

மன்னிப்புக் கேட்டீர்களா என்று என் மனைவி கேட்டாள். கேட்கவில்லை. ஒருமுறை ஸ்பீக்கரில் கேட்ட மன்னிப்பு இருக்கிறதே, அது மன்னிப்பு என்ற வார்த்தையையே என் வாயில் கெடுத்துவிட்டது என்று சொன்னேன். அது ஒரு சாக்கு என்று அவள் சொன்னாள். இருக்கலாம். நான் கேட்டால் அவள் மறுபடி பரவாயில்லை என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான் நிஜம். சொல்ல மாட்டாளோ என்ற பயமும் உண்டு.

நேற்று வந்திருந்தாள். டீமேக்கர் கடைக்கு எதிரே பெட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் திரையைப் பார்த்தேன். பெட்டியில் இந்தத் தடவை ஸ்வெட்டர்களின் அளவு பெரிதாகியிருந்தது. டிரைவரின் பிள்ளைகள் வளர்கிறார்கள் போலிருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து, மடித்து, உள்ளே வைத்தேன். முன்பெல்லாம் நான் மடிக்க மாட்டேன். அவள் ஊசியைப் பிடுங்கித் தைத்தாள். பின்னால் நான்கு பேர் நின்றார்கள், ஒருவர் முணுமுணுத்தார். "நில்லுங்க, அவங்க தெச்சு முடிக்கட்டும்" என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

துணியைத் திருப்பி வைத்தாள். அவள் வாய் திறக்கும் முன்பே நான் எழுத ஆரம்பித்தேன். இத்தனை தடவைக்குப் பிறகு எனக்கு அந்தப் பெயரும் நம்பரும் மனப்பாடம். அவள் கையை நீட்டிப் பேனாவுக்கு முன்னால் வைத்துத் தடுத்தாள். முதல் எழுத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். நான் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். முடிந்ததும் ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். ஊசியை மேசை ஓரத்தில் அதே ஓட்டையில் குத்திவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தன் ஊட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டு போனாள்.